கான்ட்ராக்டர் சாவி தர மறுக்கிறார்: கடைசி பில்லை அப்படியே கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் என் பெயரில் உள்ள மனையில் வீடு கட்டுகிறோம். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். 1,650 சதுர அடி, சதுர அடிக்கு 2,300 ரூபாய், பத்து மாதத்தில் முடிக்க வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் கழிவு என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டோம். பதினாறு மாதம் ஆகிவிட்டது. வங்கிக் கடன் இழுத்தடித்ததால் நாங்களும் ஒரு தவணையை ஒன்றரை மாதம் பிந்திக் கொடுத்தோம். இதுவரை 34 லட்சம் கொடுத்தாயிற்று. இப்போது கான்ட்ராக்டர், பாக்கி 3,95,000, எக்ஸ்ட்ரா வேலை 4,10,000, நிறைவுச் சான்று வாங்க 40,000, இவற்றின் மேல் 18% ஜிஎஸ்டி என்று மொத்தம் 9,97,100 ரூபாய் கேட்கிறார். மழை பெய்தால் மாடி ஒழுகுகிறது. பாத்ரூமில் தண்ணீர் வடியாமல் தேங்குகிறது. கேட்டால், "பணத்தைக் கட்டி, வேலை முழுத் திருப்தின்னு லெட்டர்ல கையெழுத்துப் போடுங்கக்கா, சாவி தர்றேன். சின்னச் சின்ன வேலையெல்லாம் குடிவந்த பிறகு பார்த்துக்கலாம்" என்கிறார். பணம் இல்லையென்றால் தேதி போட்டு செக் கொடுக்கச் சொல்கிறார். தை மாதம் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டோம். கையெழுத்துப் போட்டுவிடலாமா? ரெராவில் புகார் செய்ய முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தேதியிட்ட செக்கும் கொடுக்காதீர்கள். மற்றதையெல்லாம் பேசித் தீர்க்கலாம். இந்த இரண்டையும் கொடுத்துவிட்டால், பிறகு பேச உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

செக் விஷயம் எளிது. தகராறில் இருக்கும் தொகைக்குச் செக் கொடுத்து, அது பணமின்றித் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் அவர் குற்ற வழக்குப் போடலாம். கொடுக்க வேண்டிய கடனுக்காகத்தான் செக் கொடுத்தீர்கள் என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். அப்படியல்ல என்று காட்ட வேண்டிய சுமை உங்கள் தலையில் விழும். வீடு ஒழுகும் வழக்கு செக் வழக்காக மாறிவிடும்.

'முழுத் திருப்தி' கடிதம் இதைவிட ஆபத்தானது. சாவி தரமாட்டேன் என்ற நெருக்கடியில் வாங்கிய கையெழுத்து முற்றிலும் கட்டுப்படுத்தாது என்று வாதாட முடியும். போகாரா பாலிஃபேப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆனால் நெருக்கடி இருந்ததை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கையெழுத்துப் போடாமல் இருப்பதற்கு எந்த நிரூபணமும் தேவையில்லை.

நம் ஊரில் வீட்டு வேலை எப்போது முடிந்தது என்பதைப் பால் காய்ச்சும் தேதிதான் தீர்மானிக்கிறது. தேதி நெருங்க நெருங்க வீட்டுக்காரர் இறங்கிவருவார் என்று கான்ட்ராக்டருக்குத் தெரியும். சட்டம் முகூர்த்தத்தைப் பார்ப்பதில்லை. வீட்டை எந்த நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டீர்கள் என்றுதான் பார்க்கும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 55ஆவது பிரிவில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது. காலக்கெடு முக்கியமாக இருந்த ஒப்பந்தத்தில், கெடு தாண்டி முடித்த வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டால், தாமதத்துக்கான நஷ்டஈட்டைப் பிறகு கேட்க முடியாது. ஏற்றுக்கொள்ளும் நேரத்திலேயே 'நஷ்டஈடு கேட்கப் போகிறேன்' என்று அறிவிப்புக் கொடுத்திருந்தால் மட்டும் கேட்கலாம். ஆகவே நீங்கள் சாவி வாங்கும் நாளிலோ அதற்கு முன்போ, தாமதத்துக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு வரி எழுத்தில் போயிருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் வந்த பல குடும்பங்களுக்கு என்னால் பெரிதாக உதவ முடிந்ததில்லை.

அதற்காக ஆறு மாதத்துக்கு 500 வீதம் சுமார் 90,000 ரூபாய் அப்படியே கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். 74ஆவது பிரிவுப்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டை நீதிமன்றம் முடிவு செய்யும். நீங்கள் கொடுத்த வாடகை, வங்கிக்குக் கட்டிய வட்டி, வீட்டு மின் கட்டணத்துக்கு மாற முடியாமல் தற்காலிக இணைப்புக்குக் கூடுதலாகக் கட்டியது ஆகியவற்றின் ரசீதுகளை எடுத்து வையுங்கள். தவணை பிந்திய ஒன்றரை மாதத்தை அவர் தன் கணக்கில் சொல்வார். அதை மறுக்காமல் நீங்களே கழித்துவிட்டு மீதி நாட்களுக்குக் கேட்டால் உங்கள் பேச்சுக்கு மதிப்புக் கூடும்.

இனி பில்லுக்கு வருவோம். பாக்கி 3,95,000 ரூபாய் கணக்குப்படி சரி, 1,650 சதுர அடி என்பது உண்மையாக இருந்தால். போர்டிகோ, பால்கனி, மாடிப்படி ஹெட்ரூம், சம்ப் இவற்றை முழுதாகச் சேர்ப்பதா பாதியாகச் சேர்ப்பதா என்பதில்தான் தகராறு முளைக்கும். கட்டடப் பரப்பை அளக்க ஐஎஸ் 3861 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. ஒப்பந்தம் மௌனமாக இருந்தால், அதை வைத்து ஒரு தனிப் பொறியாளரை அளக்கச் சொல்லுங்கள்.

எக்ஸ்ட்ரா வேலையை எழுதி வாங்கவில்லை என்பதற்காக மொத்தமாக மறுக்க முடியாது. உங்கள் கணவர் வாட்ஸ்அப்பில் சொல்லிச் செய்த வேலை இருந்தால், அது நீங்கள் சொன்னது போலத்தான். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை நீங்கள் அனுபவித்தால், 70ஆவது பிரிவுப்படி அதற்கு ஈடு தர வேண்டும். ஆனால் தர வேண்டியது நியாயமான விலை. என்ன வேலை, எத்தனை அடி, என்ன ரேட் என்று வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எக்ஸ்ட்ரா என்று அவர் எழுதும்போது, ஒப்பந்தத்தில் சொல்லிச் செய்யாமல் விட்டதையும், சொன்ன தரத்தைவிட மலிவாகப் போட்ட கதவு, குழாய், ஒயரையும் நீங்கள் கழிக்க வேண்டும். இந்தப் பக்கத்தை வீட்டுக்காரர்கள் எழுதுவதே இல்லை.

நிறைவுச் சான்றுக்கான 40,000 ரூபாயை அடித்துவிடலாம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், ஒரு குடும்பம் வசிக்கும் உங்களுடையதைப் போன்ற சிறிய வீட்டுக்கு நிறைவுச் சான்றிலிருந்து விலக்குத் தருகின்றன. அனுமதி பெற்ற வரைபடப்படி கட்டியிருக்க வேண்டும் என்ற கடமை மட்டும் அப்படியே இருக்கிறது. சுற்றிலும் விட வேண்டிய இடத்தைப் பொறியாளரை அளக்கச் சொல்லுங்கள்.

ஜிஎஸ்டி பற்றி ஒரே கேள்வி கேளுங்கள்: உங்கள் ஜிஎஸ்டி எண் என்ன? பதிவு செய்யாதவர் வாடிக்கையாளரிடம் அந்த வரியை வசூலிக்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. பதிவு செய்தவர் என்றால் எண் அச்சிட்ட முறையான வரி பில் தர வேண்டும். 34 லட்சம் வாங்கியபோது பேசாத வரியைக் கடைசித் துண்டில் மட்டும் போடுவதற்கு அவர் காரணம் சொல்லியாக வேண்டும்.

சாவி அவரிடம் இருப்பதால் வீடு அவரிடம் இருப்பதாக ஆகாது. கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு, பழுதுபார்ப்பவர் போன்றோருக்குத் தருகிறது. அது அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட அசையும் பொருளுக்கு. உங்கள் நிலத்தில் நிற்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. அவர் உள்ளே வந்தது வேலை செய்ய நீங்கள் தந்த அனுமதியில்தான். இருந்தாலும் பூட்டை உடைக்காதீர்கள். உள்ளே அவருடைய செண்ட்ரிங் பலகையும் மிஷினும் இருந்தால், நாளை 'காணோம்' என்று உங்கள் மேல் புகார் வரும். சாவியை ஒப்படைக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். மறுத்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் செயலுறுத்துக் கட்டளை கேட்கலாம். காவல் நிலையத்தில் உட்கார்ந்து கணக்குப் பேச வேண்டாம். அங்கே எழுதி வாங்கும் தொகைதான் பிறகு உங்கள் ஒப்புதலாகக் காட்டப்படும்.

உடனே செய்ய வேண்டியது கூட்டுப் பார்வை. ஒரு தேதி குறித்து, ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டிலும் வாட்ஸ்அப்பிலும் கான்ட்ராக்டருக்குத் தெரிவியுங்கள். சாவியோடு வரச் சொல்லுங்கள். உங்கள் தரப்பில் ஒரு பொறியாளர் இருக்கட்டும். அதற்கு இரண்டு நாள் முன்பே பாத்ரூம் தளத்திலும் மொட்டை மாடியிலும் தண்ணீர் கட்டி வைக்க அவரைச் சம்மதிக்க வையுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். டைல்ஸைத் தட்டிப் பார்த்து, உள்ளே வெற்றாக ஒலிப்பவற்றில் சாக்பீஸால் குறி போடுங்கள். குறைப் பட்டியலில் 'மாடி ஒழுகுது' என்று எழுதினால் பயனில்லை. 'ஹெட்ரூம் சுவரும் தளமும் சேரும் கிழக்கு மூலையில் விரிசல்; அதற்குக் கீழே படுக்கையறைச் சுவரில் மேலிருந்து மூன்றடிக்கு ஓதம், பட்டி உதிர்கிறது; சரிசெய்ய மதிப்பு இவ்வளவு' என்று அறைவாரியாக, படத்தோடு எழுத வேண்டும். இருவரும் கையெழுத்திடுங்கள். அவர் வரவில்லை என்றால் பொறியாளரும் இரண்டு சாட்சிகளும் போதும்.

பட்டியல் கையில் வந்ததும் தொகைக்கு விடை கிடைத்துவிடும். ஒப்புக்கொள்ளும் பாக்கி, அதோடு நியாயமான எக்ஸ்ட்ரா, அதில் கழிக்க வேண்டியது குறைகளைச் சரிசெய்யும் செலவும் தாமத இழப்பீடும். குறை இருக்கிறது என்பதற்காக முழுப் பாக்கியையும் பிடித்து வைத்தால் நீதிமன்றத்தில் நிற்காது. தகராறு இல்லாத பகுதியை வங்கி வழியாக உடனே கொடுத்து, 'மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று எழுதுங்கள். அதோடு ஒப்படைப்புக் கடிதத்தில் கசிவுக்கு ஓராண்டு, கட்டமைப்புக்கு ஐந்தாண்டு அவர் பொறுப்பு என்று கேட்டு வாங்குங்கள்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உங்கள் ரெரா கேள்வி. ரெரா சட்டத்தின் 14ஆவது பிரிவு ஐந்தாண்டுப் பொறுப்பைத் தருவது, கட்டி விற்கும் நிறுவனத்திடம் வீடு வாங்கியவர்களுக்கு. உங்கள் மனையில் உங்களுக்காக வேலை செய்தவர் அதற்குள் வரமாட்டார். சட்டம் தானாகத் தராத அந்தப் பாதுகாப்பை, பணம் இன்னும் உங்கள் கையில் இருக்கும் இப்போதுதான் எழுதி வாங்க முடியும்.

உங்களுக்குரிய இடம் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவது 'சேவை' என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தெளிவாகச் சேர்த்திருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பாய ஷரத்து இருந்தாலும் அது ஆணையத்துக்குப் போவதைத் தடுக்காது.

பால் காய்ச்சும் நாளைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துவிட்டு, குறைப் பட்டியலோடு சாவியை வாங்கிக் குடிபுகலாம். ஆனால் ஒழுகும் மூலையை அவசரப்பட்டு வேறு ஆளை வைத்துப் பூசிவிடாதீர்கள். அவர் பட்டியலை ஏற்கவில்லை என்றால், முதலில் நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் பொறியாளரோடு வந்து பார்க்கட்டும். மழை நெருங்கி, சேதம் பெருகும் என்றால், படமும் பொறியாளர் அறிக்கையும் எடுத்து, கான்ட்ராக்டருக்கு ஒரு வாரம் அவகாசம் தந்து எழுதிவிட்டுச் சரிசெய்யுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கணவருக்கும் அவருக்கும் இடையே போன வாட்ஸ்அப் செய்திகள் இருக்கும் போனை மாற்றவோ, செய்திகளை அழிக்கவோ வேண்டாம் என்று துபாய்க்கு இன்றே சொல்லிவிடுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்குப் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவுச் சான்று தர வேண்டியிருக்கும். அதற்கு அந்தப் போன் தேவைப்படும்.