மலையகத்தின் காமன் கூத்து: சடங்கும் அரங்கும்



கிரேக்க நாடகம் டயோனிசஸ் தெய்வத்தின் விழாவிலிருந்து தோன்றியது என்பதை நாடகமும் அரங்கியலும் படிக்கும் எல்லோரும் மனனம் செய்து எழுதிவிடுகிறீர்கள். ஆனால் சடங்கும் நாடகமும் ஒன்றாக இருப்பதற்கு உதாரணம் கேட்டால், தோட்டத்துப் பிள்ளைகளே காமன் கூத்தை எழுதத் தயங்குகிறார்கள். "அது லயத்துக் கூத்துத்தானே சேர்" என்கிறார்கள். இந்தத் தயக்கம் புள்ளிகளை இழக்கச் செய்யும்.

முதலில் கதை. சிவன் தவத்தில் இருக்கிறார். சூரபத்மனை அழிக்க சிவகுமாரன் பிறக்க வேண்டும். தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மதனாகிய காமனை அனுப்புகின்றனர். ரதி தடுத்தும் கேளாமல் சென்று மலர்க்கணை தொடுக்கிறான். நெற்றிக்கண் திறக்கிறது, காமன் சாம்பலாகிறான். ரதி அழுது வேண்ட, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உயிர் பெறுகிறான். உடல் இல்லாதவன் ஆனதால் அவனுக்கு 'அனங்கன்' என்ற பெயரும் உண்டு. தமிழ்நாட்டில் மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கையே இது நடந்த தலம் என்பது ஐதீகம்.

கதையை மட்டும் எழுதி நிறுத்தினால் அது சமயபாட விடையாகிவிடும். அரங்கியல் விடைக்கு நிகழ்த்தும் முறை முக்கியம்.

மாசி மாத அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில், லயங்களுக்கு அருகிலுள்ள 'காமன் பொட்டல்' என்னும் வெளியில் கம்பம் ஊன்றப்படும். வைக்கோல், வரட்டி முதலியவற்றால் கட்டப்படும் இக்கம்பமே காமன். (தோட்டத்துக்குத் தோட்டம் சிறு வேறுபாடுகள் உண்டு.) அன்று முதல் தப்பு முழங்கும். ரதி, மதன் வேடமிடுபவர்கள் விரதம் காப்பர். நேர்த்தி வைத்து வேடம் ஏற்பவர்களும் உளர். மரபில் ரதி வேடத்தையும் ஆணே ஏற்பார். இருவரும் வீடு வீடாக ஆடி வருவர். வருவது பக்கத்து வீட்டுப் பையன் என்று தெரிந்தும் வாசலைக் கழுவி விளக்கேற்றிக் கும்பிடுவார்கள். நடிகன் எங்கே முடிகிறான், தெய்வம் எங்கே தொடங்குகிறது? இதைத்தான் பரீட்சகர் உங்கள் விடையில் தேடுவார்.

இறுதி இரவில் இந்திரன், வீரபத்திரன், எமன் முதலிய பாத்திரங்கள் வருவர். திரை, மேடை இல்லை, தோட்டமே அரங்கு. பட்டிப்பொல புகையிரத நிலையம் 1,891 மீற்றர் உயரத்தில், நாட்டிலேயே உயரமான இடத்தில் உள்ளது. இப்படிப்பட்ட மலைகளில் மாசிப் பனியில் கம்பளி போர்த்தி விடியும்வரை இருப்பது இலேசான காரியமல்ல! விடியும் நேரத்தில் கம்பம் எரிக்கப்படும். அப்போது ரதி பாடும் புலம்பல் ஒப்பாரி மெட்டில் அமையும். கேட்டிருக்கும் பெண்கள் உண்மையான இழவு வீட்டைப் போலவே அழுவார்கள். பார்வையாளர் என்று தனியாக எவரும் அங்கு இல்லை. மூன்றாம் நாள் காமன் உயிர்ப்பிக்கப்படுவான்.

இக்கூத்து தமிழ்நாட்டுக் காமன் பண்டிகையிலிருந்து வந்தது. அங்கு காமன் எரிந்தானா இல்லையா என்று 'எரிந்த கட்சி, எரியாத கட்சி' பிரிந்து லாவணி பாடும் வழக்கமும் உண்டு. திருச்சி, சேலம், மதுரைப் பகுதிகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மாரியம்மன், மதுரைவீரன், முனியாண்டியோடு இதனையும் கொண்டுவந்தனர். இங்கே கவ்வாத்துச்சாமி, ரோதைமுனி எனத் தொழிலோடு ஒட்டிய புதுத் தெய்வங்களும் பிறந்தன. நம்பிக்கை வந்த இடத்துக்கு ஏற்ப வளர்ந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

இக்கலை ஏன் நலிந்தது? தொலைக்காட்சி என்று மட்டும் எழுதாதீர்கள். 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. கூத்துப் பாட்டுகள் ஏட்டில் அல்ல, வாத்தியார்மாரின் ஞாபகத்தில் இருந்தவை. ஒரு வாத்தியார் கப்பலேறினால் அத்தோட்டத்துப் பாட்டும் அவரோடு கப்பலேறும்.

பயிற்சி வினா
"காமன் கூத்தில் பார்வையாளரும் பங்காளரே." இரண்டு உதாரணங்களுடன் விளக்குக. (வீடு வீடாக வருதல், ஒப்பாரி ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் தோட்டத்தில் கம்பம் ஊன்றுவதாயின், அங்கு நடக்கும் முறையையே எழுதுங்கள். தெரியாவிட்டால் வீட்டில் அம்மாயியிடமோ தாத்தாவிடமோ கேட்டு எழுதி வாருங்கள்.)