பேச்சு வரவில்லை, நடை வரவில்லை: பெற்றோருக்கு ஒரு பாடம்



ஒரு வீட்டில் இரண்டு வயதுப் பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகச் சாப்பிடுகிறான், ஓடுகிறான்; ஆனால் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் சில வேளை திரும்புகிறான், பல வேளை திரும்புவதில்லை. தாயின் மனத்தில் ஒரு முள் உறுத்துகிறது. மாமியாரிடம் சொல்கிறாள். "உன் புருஷனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான், சும்மா இரு" என்கிறார் மாமியார். "நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்" என்கிறாள் அடுத்த வீட்டுக்காரி. "பள்ளிக்கூடம் போனால் சரியாகிவிடும்" என்கிறான் தகப்பன். இப்படியே ஓர் ஆண்டு கழிந்துபோகிறது.

இவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. பிந்திப் பேசும் பிள்ளைகள் உண்டு என்பதும் மெய்யே. ஆனால் எந்தப் பிள்ளை தானாகப் பேசும், எந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும் என்பதை வீட்டிலிருந்து ஊகித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. பரிசோதித்துத்தான் அறிய வேண்டும். இதுவே இன்றைய பாடம்.

காத்திருப்பதால் என்ன நஷ்டம்?

இரண்டு உதாரணங்களைப் பாருங்கள். கதவு படாரென்று சாத்தும் ஓசைக்குத் திரும்பும் பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று எண்ணிவிடுகிறோம். உரத்த ஓசை கேட்கும் காதுக்கு மெல்லிய பேச்சொலிகள் கேளாமல் இருக்கலாம். காதில் விழாத சொல்லைப் பிள்ளை எப்படிப் பேசும்? மூளை ஒலிகளைப் பிரித்தறியப் பழகுவது இளம் பருவத்தில்தான். ஆகையால் கருவியும் பயிற்சியும் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கின்றனவோ அவ்வளவு நன்மை.

மற்றொன்று, பிறவியிலேயே தைராய்டு சுரப்புக் குறைவு. பிறந்த சில வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் காக்கப்படும். மாதக்கணக்கில் தாமதித்தால், இழந்ததை முழுவதும் மீட்க இயலாது.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

1. மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை.
2. ஐந்து மாதமாகியும் தலை நிற்கவில்லை.
3. ஒன்பது மாதமாகியும் பிடிமானமின்றி உட்காரவில்லை.
4. ஒரு வயதாகியும் மழலை இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை.
5. ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை.
6. இரண்டு வயதாகியும் "அம்மா வா" என்பதுபோல் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை.
7. எந்த வயதிலும், முன்பு வந்த பேச்சோ பழக்கமோ மறைந்துபோகிறது.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயது வரை அந்தக் குறைந்த மாதங்களைக் கழித்தே கணக்கிட வேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்தவனுக்குப் பத்து மாதம் என்றால், எட்டு மாதப் பிள்ளையாகவே அவனைப் பார்க்க வேண்டும்.

எங்கே போவது?

முதலில் குழந்தை மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். அங்கன்வாடி ஊழியரிடமும் சொல்லலாம். முதற் பரிசோதனை அச்சப்படும்படியான காரியமல்ல. இரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகத் திருவனந்தபுரத்தில் உருவாக்கிய அட்டவணையில் பதினேழு அம்சங்களே உண்டு. சில நிமிடங்களில் பார்த்து முடித்துவிடலாம்.

அதில் சந்தேகம் எழுந்தால் நிபுணர்களிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மத்திய அரசு 2013-இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் அமைக்கப்பட்டன. குழந்தை மருத்துவர், செவிப் பரிசோதகர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், உளவியலர் ஆகியோர் சேர்ந்து பிள்ளையைப் பார்ப்பதற்கான இடங்கள் இவை; கட்டணம் இல்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலும் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் ஒன்று 2005 முதல் இருக்கிறது.

போகும்போது பிரசவக் காகிதங்களையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். பிறந்தவுடன் அழுததா, எடை எவ்வளவு, காமாலை அல்லது வலிப்பு வந்ததா என்று கேட்பார்கள். புது இடத்தில் பிள்ளை மிரண்டு அடங்கிவிடக்கூடும். ஆகையால் வீட்டில் விளையாடுவதைச் செல்போனில் படம் பிடித்துக் காட்டுங்கள்.

"கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்" என்று மருத்துவர் சொன்னால், "எத்தனை மாதம் பொறுப்பது? அதற்குள் எது வர வேண்டும்?" என்று மரியாதையோடு கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை பேசவில்லை என்றால் செவிப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மனத்தடை வேண்டாம்

"என் பிள்ளைக்கு ஒரு பெயர் சூட்டிவிடுவார்களே" என்று அஞ்சுகிறீர்களா? பரிசோதனையால் வருவது இரண்டில் ஒன்று: சந்தேகம் தீரும், அல்லது உதவி தொடங்கும். நோயின் பெயர் முடிவாகும் வரை பயிற்சியை நிறுத்திவைக்க வேண்டியதுமில்லை. எல்லாக் குறைகளும் முற்றிலும் நீங்கும் என்று சொல்வதற்கில்லை; ஆனாலும் தானே உண்ணவும், வேண்டியதைக் கேட்கவும் கற்ற பிள்ளையின் வாழ்வு வேறு.

தகப்பன்மாரே, "நீ சரியாக வளர்க்கவில்லை" என்று மனைவியைக் குறை சொல்லாதீர்கள். ஆட்டிசம் போன்றவை வளர்ப்பால் வருவன அல்ல. பரிசோதனை நாளன்று நீங்களும் கூடச் செல்லுங்கள். உற்றார் உறவினரே, பூசை முடிந்து வரும் வழியில் "இன்னும் பேசவில்லையா?" என்று கேட்டுத் தாயைக் கலங்க வைக்காமல், "மூத்தவனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லுங்கள்.

வீட்டில் கலந்து பேச:

1. நம் பிள்ளையைப் பற்றி நெடுநாளாகச் சொல்லாமல் வைத்திருக்கும் கவலை ஏதும் உண்டா?
2. அதை எந்த நாளில், யாரிடம் சொல்லப் போகிறோம்?