நண்பர்களோடு ஒரு நாள் பைக் பயணம்: சில பயனுள்ள குறிப்புகள்

ஞாயிறு விடியற்காலையில் சென்னையிலிருந்து பைக்குகளில் கூட்டமாகக் கிளம்பி, கிராமத்துச் சாலைகளில் சுற்றிவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவது இப்போது பல நண்பர் குழுக்களின் வழக்கம். செங்கல்பட்டு, உத்திரமேரூர், வந்தவாசி, சேத்துப்பட்டு வழியாகச் செஞ்சிக்குப் போய், திண்டிவனம் வழியாகத் திரும்பும் பாதையை மனதில் வைத்து இவற்றை எழுதுகிறேன். போக வர 300 கிலோமீட்டர் முன்னே பின்னே ஆகும். வேறு ஊர்ப் பக்கம் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

1. ஒரு வரிசையில் ஏழு வண்டிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் நீண்டால் பின்னால் வரும் பஸ்ஸுக்கு முந்த வழியிருக்காது; பொறுமை இழந்து நம் நடுவில் புகுந்துவிடும். ஆள் அதிகமென்றால் இரண்டு குழுவாகப் பிரிந்து, பத்து நிமிட இடைவெளியில் கிளம்புங்கள்.

2. பெட்ரோல், டயர் காற்று, பிரேக், செயின் எல்லாவற்றையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். காற்றை டயர் சூடாவதற்கு முன் அளந்தால்தான் அளவு சரியாகக் காட்டும். யாருடைய டாங்க் சிறியதோ, அவர் வண்டியை வைத்தே அடுத்த பங்க் எங்கே என்று முடிவு செய்ய வேண்டும்.

3. முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். இந்த இருவரும் அனுபவசாலிகளாக இருக்க வேண்டும். முன்னால் போகிறவரை யாரும் முந்தக் கூடாது. கடைசி ஆளிடம் டூல்ஸும் முதலுதவிப் பையும் இருக்கட்டும். புதிதாகச் சேர்ந்தவரைக் கடைசியில் தள்ளுவதுதான் பல குழுக்கள் செய்யும் தவறு. முன்வண்டி 60-இல் போனாலும், ஒவ்வொரு வேகத்தடைக்குப் பிறகும் பின்னால் இருப்பவர் இடைவெளியைப் பிடிக்க 75, 80 என்று முறுக்க வேண்டியிருக்கும். பழக்கமில்லாதவர் அங்கேதான் விழுகிறார். அவரை இரண்டாவது இடத்தில் விட்டு, அவருக்கு எந்த வேகம் சௌகரியமோ அதையே குழுவின் வேகமாக வையுங்கள். இதை மனதார ஏற்காதவர் தனியாகப் போகட்டும்.

4. தாம்பரம் தாண்டிய அகலமான நெடுஞ்சாலையில் முதல் வண்டி லேனின் வலப்பக்கம், அடுத்தது சற்றுப் பின்னால் இடப்பக்கம் என்று மாறி மாறிப் போகலாம். நேர் முன்னால் இருக்கும் வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு விநாடி இடைவெளி வேண்டும். செங்கல்பட்டில் பிரிந்து உத்திரமேரூர்ச் சாலையில் இறங்கியதும் ஒற்றை வரிசைதான். பேசிக்கொண்டே இணையாக ஓட்டுவது எந்தச் சாலையிலும் கூடாது.

5. திருப்பத்தில் யாரும் வழி தவறாமலிருக்க எளிய முறை ஒன்று உண்டு. முன்னால் போகிறவர் திரும்பும் இடத்தில் இரண்டாவது ஆள் ஓரமாக நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கை காட்ட வேண்டும். கடைசி ஆள் கண்ணில் பட்டதும், அவருக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்ளலாம். அடுத்த திருப்பத்தில் அடுத்தவர் நிற்பார். இரண்டாவது இடத்தில் புதியவர் இருந்தால் அவருக்குப் பதில் மூன்றாமவர் நிற்கட்டும். போன் சிக்னல் கிடைக்காத இடத்திலும் இந்த முறை கைகொடுக்கும்.

6. தை, மாசியில் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலைதான் களம். ஒரு பக்கம் நெல் காயும், விளிம்பில் கருங்கல் அடுக்கியிருப்பார்கள். இன்னொரு இடத்தில் உளுந்துச் செடியையோ கேழ்வரகுக் கதிரையோ சாலை முழுக்கப் பரப்பி, வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று விட்டிருப்பார்கள். பைக்குக்கு அது ஆபத்து. காய்ந்த தாளின் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, ஹேண்டிலைத் திருப்பாமல் நேராக மெதுவாகக் கடந்துவிடுங்கள். தாண்டியதும் நிறுத்தி, செயின் ஸ்பிராக்கெட்டையும் சக்கர அச்சையும் பாருங்கள். தாள் அங்கே கயிறுபோல இறுகச் சுற்றியிருக்கும். சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளவும் கூடும். இன்ஜினை அணைத்துவிட்டுச் சிறு கத்தியால் அறுத்து எடுக்கலாம். காயும் நெல்லின் மேல் மட்டும் எக்காரணம் கொண்டும் வண்டியை ஏற்றாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் ஒரு போகத்து உழைப்பு.

7. வயலிலிருந்து ஏறிய டிராக்டர் விட்டுப்போன ஈரச் சேறு, வர்ணம் அடிக்காத வேகத்தடை, வளைவில் கிடக்கும் மணல், ஆட்டு மந்தை: இவற்றை முதலில் பார்ப்பவர் காலை நீட்டிக் காட்ட வேண்டும். ஆபத்து இருக்கும் பக்கத்துக் காலை நீட்டினால் போதும். மற்ற சைகைகளுக்கு இடக்கைதான்: ஒரு விரல் என்றால் ஒற்றை வரிசை, டாங்கைத் தட்டினால் பெட்ரோல். ஆடு குறுக்கே வந்தால் ஹாரன் அடித்து மிரட்டாமல், கடைசிக் குட்டியும் கடக்கும் வரை நில்லுங்கள்.

8. காலையில் தென்மேற்காகப் போவதால் வெயில் நம் முதுகில் இருக்கும். எதிரே வருகிறவருக்கோ கண் கூசும், நாம் கண்ணில் பட மாட்டோம். 2017 ஏப்ரல் முதல் தயாரான வண்டிகளில் முகப்பு விளக்கு தானாகவே எரியும். பழைய புல்லட், யமஹா வைத்திருப்பவர்கள் மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

9. ஊருக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறையுங்கள். சைலன்சரை மாற்றிச் சத்தமாக வைத்திருப்பவரைக் குழுவில் சேர்க்காமலிருப்பதே நல்லது. திண்ணையில் தூங்கும் முதியவரும் தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் நம் ஞாயிற்றுக்கிழமைக்காக விழிக்க வேண்டியதில்லை. டீக்கடை வாசலை மறைத்து வண்டி நிறுத்தாதீர்கள்.

10. மணிக்கொரு முறை நிறுத்துங்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் முதல் நீண்ட நிறுத்தத்துக்கு ஏற்ற இடம். பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைச் சுவரிலேயே பார்க்கலாம். வந்தவாசி கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். 1760-இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரைத் தோற்கடித்ததும் இங்கேதான். செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து அங்கே போக எல்லோருக்கும் ஆசை. ஆனால் உச்சி வெயிலில் ராஜகிரி மலைமேல் ஏறி இறங்கிவிட்டு, தளர்ந்த காலோடு 150 கிலோமீட்டர் ஓட்டுவது நல்லதல்ல. அடிவாரத்தில் கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் நிதானமாகப் பாருங்கள். மலையேற வேறொரு நாள் வாருங்கள்.

11. மதியத்துக்குப் புளிசாதமோ எலுமிச்சை சாதமோ போதும். வயிறு முட்டச் சாப்பிட்டால் திண்டிவனம் தாண்டுவதற்குள் கண் சொக்கும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். ஹெல்மெட்டுக்குள் பருத்தித் துணி கட்டினால் வியர்வை நாற்றம் தங்காது.

12. ஹெல்மெட் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். முழங்காலை மூடும் கெட்டிப் பேண்ட், கணுக்கால் மறைக்கும் ஷூ. செருப்போடு வந்தவரைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

13. ட்யூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் கிட், கம்பிச் சக்கர வண்டிக்கு மாற்று ட்யூப், ஒரு கிளட்ச் கேபிள், சில ஃபியூஸ்: குழுவுக்கு ஒரு செட் போதும். ஞாயிறன்று சிற்றூரில் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

14. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் பெயர், இரத்த வகை, வீட்டுப் போன் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். போன் பூட்டியிருந்தாலும் அது பேசும். விபத்தென்றால் இரண்டு பேர் போக்குவரத்தை மறிக்க, ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சு சீராக வந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்; முன்கண்ணாடியை மட்டும் திறந்து, கழுத்து அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வழியில் வேறு யாராவது அடிபட்டுக் கிடந்தாலும் நின்று உதவுங்கள். உதவுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் பாதுகாப்புத் தருகிறது.

15. நான்கு மணிக்குள் செங்கல்பட்டைத் தாண்டிவிடப் பாருங்கள். ஞாயிறு மாலையில் பரனூரிலிருந்தே ஊர் திரும்பும் கார்கள் நெருக்கியடிக்கும். விடைபெறும் இடத்தோடு பயணம் முடிந்ததாக எண்ண வேண்டாம். வீடு சேர்ந்த ஒவ்வொருவரும் வாட்ஸப்பில் ஒரு வரி போட வேண்டும். பெயர்ப்பட்டியலை வைத்திருப்பவர், கடைசிப் பெயருக்கும் டிக் அடித்த பிறகே படுக்கப் போகலாம். பத்து மணிக்கும் ஒருவரிடமிருந்து தகவல் இல்லையென்றால், தயங்காமல் அவர் வீட்டுக்குப் போன் செய்யுங்கள்.