கைக்குழந்தையுடன் ஊர் திரும்பும் பயணம்

2012 இல் மூடப்பட்ட செட்டிகுளம் முகாம்களிலிருந்து ஸ்கந்தபுரம் திரும்பிய குடும்பங்களுக்கு ஒரு முழு நாளும் பயணத்திலேயே போய்விடக்கூடியதாக இருந்தது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 80 கிலோமீற்றர்தான். ஆனால் பதிவு, பஸ்ஸில் ஏற்றுதல், அப்போதிருந்த ஓமந்தைச் சோதனைச்சாவடி, ஏ-9 வீதியை விட்டு அக்கராயன் பக்கம் திரும்பிய பின் குண்டும் குழியுமான பாதை என்று நேரம் நீண்டது. பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள். கைக்குழந்தையை வெயிலும் புழுக்கமும் சீக்கிரம் வாட்டிவிடும்.

பிள்ளையின் பையைச் சாமான்களோடு லொறியில் ஏற்றவேண்டாம். லொறி உங்களுக்குப் பின், இரவிலும் வந்து சேரலாம். மாற்றுடுப்பு, பழைய சீலைத் துண்டுகள், கொதித்தாறிய நீர், ஒரு ஜீவனி பைக்கற்று, பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு ஆகியவை தாயின் கையிலேயே இருக்கட்டும். இடம்பெயர்வில் பதிவேடு தொலைந்திருந்தால், போட்ட தடுப்பூசிகளின் விபரத்தைப் புறப்படுமுன் கிளினிக்கில் எழுதி வாங்குங்கள். ஊரில் குடும்பநல உத்தியோகத்தர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஆறு மாதம் நிறையாத பிள்ளைக்கு எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பால் போதும். தண்ணீர் வேண்டாம், அடிக்கடி பால் கொடுங்கள். பால்மா குடிக்கும் பிள்ளைக்குச் சுடுநீரைப் பிளாஸ்கிலும் மாவைத் தனியாகவும் கொண்டுபோய், வேண்டிய நேரத்தில் கரையுங்கள். குடித்து மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.

வழியில் மலசலகூடம் இராது என்று எண்ணிப் பல தாய்மார் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. இது நாம் அடிக்கடி காண்பது. நண்பகலில் தலைச்சுற்றும் களைப்பும் வருவது அவர்களுக்குத்தான். பிள்ளை இருப்பதோ அவர்களின் மடியில். தாராளமாகக் குடியுங்கள். மாங்குளத்திலோ முறிகண்டிப் பிள்ளையாரடியிலோ நிறுத்தும்படி சாரதியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கூச்சப்படவேண்டாம்.

மற்ற இடங்களில் பஸ் நின்றால் வீதியை விட்டு இறங்கவே வேண்டாம். பிள்ளைக்குக் கால் கழுவவோ, நிழலுக்கோ பற்றைப்பக்கம் போகாதீர்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லாத இடத்திலும் மிதிவெடி இருக்கலாம். பஸ்ஸின் அருகே தார் வீதியிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள்.

வடக்கே போகும் பஸ்ஸில் காலையில் வலப்பக்கமும் பிற்பகலில் இடப்பக்கமும் வெயில் அடிக்கும், பார்த்து அமருங்கள். கதவோரமும் இயந்திரத்துக்கு அருகிலுள்ள இருக்கையும் வேண்டாம். தொப்பி, காலுறை, கம்பளி என்று பிள்ளையைப் பொதிந்துவைக்காமல் மெல்லிய பருத்தி உடுப்புப் போடுங்கள். பஸ்ஸிலோ லொறியிலோ ஏணை கட்டவேண்டாம். திடீரென்று பிரேக் பிடித்தால் ஏணை வீசி, பிள்ளையின் தலை கம்பியில் அடிபடும். கடைசித் தூரத்துக்கு உழவு இயந்திரம் கிடைத்தால், பெட்டியின் நடுவில் தரையில் இருந்து பிள்ளையை நெஞ்சோடு அணையுங்கள்.

பிள்ளை பால் குடிக்க மறுத்தால், சோர்ந்து கிடந்தால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால், உடல் கொதித்தால் ஊர் போய்ச் சேரும்வரை காத்திருக்கவேண்டாம். சாரதியிடம் சொல்லி வழியிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். கிளிநொச்சியை நெருங்கிவிட்டால் அங்குள்ள வைத்தியசாலைக்குப் போகலாம். வயிற்றோட்டமானால் ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கரைத்த ஜீவனி ஒரு நாளைக்குத்தான்.

ஊர் சேர்ந்ததும் வீட்டுக் கிணற்றில் அள்ளிப் பிள்ளையைக் குளிப்பாட்ட மனம் வரும். இத்தனை காலம் ஆளில்லாமல் கிடந்த கிணறு அது. இறைத்துத் துப்புரவாக்கிக் குளோரின் இடும்வரை, கொண்டுவந்த நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிடுங்கள்.