கையெழுத்தைத் தேடு, தம்பி



விவசாயிகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை தரும் பி.எம். கிசான் திட்டத்தின் பட்டியலை வைத்து நீ எழுதிய கட்டுரையை நேற்று இரவு படித்தேன். கோபம் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2020இல் தமிழ்நாட்டில் அந்தத் திட்டத்தில் நடந்தது நமக்குத் தெரிந்ததே. கொரோனா காலத்தில் பதிவு முறையைத் தளர்த்தினார்கள், அலுவலகக் கடவுச்சொற்கள் இடைத்தரகர் கைக்குப் போயின, தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயரில் 110 கோடி ரூபாய் போனது. சி.பி.சி.ஐ.டி. போலீஸ் விசாரணைக்கு வந்தது. அதில் எனக்குப் பேச்சில்லை.

என் கோபம் உன் தலைப்பின் மேல். 'போலி விவசாயிகள்' என்று போட்டு, கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் ஆட்களைப் பெயர், தகப்பன் பெயர், தெருவோடு அச்சிட்டிருக்கிறாய். அதே கட்டுரையின் நடுவில் கூலிக்குப் போகும் ஒரு அம்மா, "கொரோனா பணம் வருதுன்னு ஆதார், பாஸ்புக்கு ஜெராக்ஸ் வாங்கிட்டுப் போனாங்க, பொறவு பேங்குல புடிச்சுக்கிட்டாங்க" என்கிறார். அந்தப் பத்திக்காக உன்னைக் கட்டித் தழுவலாம். அப்படிக் கேட்கிற காது பத்திரிகையில் பலருக்கு வாய்க்கவில்லை. கேட்ட பிறகும் அவரைப் போலி என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?

பார்ப்பவரிடமெல்லாம் நான் சொல்லிவருவதை உன்னிடமும் சொல்கிறேன். பி.எம். கிசான் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், கிராமம் என்று இறங்கிப் போனால் வாங்கியவர் பெயர் கிடைக்கும். பதிவை ஏற்றியது யார், ஒப்புதல் தந்தது யார் என்பது கிடைக்காது. தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மானியத் தொகையையும் பயனாளி விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. முடிவெடுக்கும் நடைமுறையையும் அதற்குப் பொறுப்பேற்கும் வழியையும் வெளியிடச் சொல்வதும் அதே பிரிவுதான். நிருபர்கள் முன்பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

கணினி வராத காலத்தில், தென்னாற்காட்டுக் கிராமம் ஒன்றில் வறட்சி நிவாரணப் பட்டியலின் நகலோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கையால் எழுதியது, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பரிந்துரைத்தவரின் சுருக்கொப்பம். ஊர்ப் பெரியவர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்தார். பெயர்கள் பக்கம் அவர் கண் போகவே இல்லை. ஒப்பங்களின் மேல் விரலை ஓட்டி, இது இன்னாருடைய ஆள், இது அவர் மச்சான் என்று சொல்லிக்கொண்டே போனார். ஊழலைப் படிக்க எனக்குக் கற்றுத் தந்தவர் அவர். ராஜஸ்தானில் 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு கோட் கிரானா கிராமத்தில் மக்கள் விசாரணை நடத்தியபோது, வேலைப் பதிவேடுகளை ஊர் நடுவே வாசித்ததும் இந்த வழிதான்.

இன்னொன்று. 'தகுதியில்லாதவர்' என்ற சொல்லை அரசு தந்தபடியே வாங்கிக்கொண்டாய். குத்தகைக்கு உழுபவர் பெயரில் பட்டா கிடையாது. எனவே பயிர் செய்தும் அவருக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. அப்படிப்பட்ட ஒருவரையாவது நீ தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

வேளாண் துறைக்கு இந்த வாரமே மனுப் போடு. 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அந்த வட்டாரத்தில் ஏறிய பதிவுகள், ஏற்றிய பயனர் கணக்கு, ஒப்புதல் தந்த அதிகாரியின் பதவி, தேதி எல்லாவற்றையும் கேள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய். இணையப் பதிப்பிலிருந்து அந்தத் தெருப் பெயர்களை எடுக்கச் சொல்லி உன் ஆசிரியரிடம் நானே பேசுகிறேன்.