மூன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கப் போகிறீர்களா?

டி.எல்.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர், குழந்தை பிறந்தபின் வீட்டிலிருந்தே ஏதாவது சம்பாதிக்கலாமா என்று யோசிப்பவர், கல்லூரிப் படிப்புக்கு நடுவே கைச்செலவுக்கு வழி தேடுபவர் என்று பலரும் வந்து சேருகிற வேலை, சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் ட்யூஷன். தெருவுக்கு நாலு பேர் எடுக்கிறார்கள். பாதிப் பேர் செய்வது ஹோம்வொர்க் முடித்துக் கொடுப்பதுதான். 'நவுன் இஸ் எ நேமிங் வேர்டு' என்று பிள்ளை வருஷம் முழுக்க ஒப்பிக்கும். உன் தம்பி எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டால் சுவரைப் பார்க்கும்.

இந்த வேலையில் பேர் எடுக்க நினைப்பவர் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். பத்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு இலக்கண விதியைச் சொல்லாதீர்கள். அந்த விதி அடங்கிய வாக்கியத்தை வாயில் பழக்குங்கள். விதி உங்கள் பாடக்குறிப்பில் இருந்தால் போதும்.

இதை நம் ஊரிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் இலக்கணப் பாடமே இல்லாமல் ஆங்கிலம் நடத்திப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது, ரயில் நேர அட்டவணையைப் பார்த்து விடை கண்டுபிடிப்பது போன்ற வேலைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கவனம் விடையில் இருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் கருத்து. 'பெங்களூர் திட்டம்' என்ற பெயரில் உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் இன்றும் இதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

முதல் வாரம் புத்தகம் வேண்டாம்

மூன்றாம் வகுப்பு என்றால் மூன்றாம் வகுப்புப் பாடம் தெரியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பார்க்கிறது. உங்கள் திண்ணையிலும் அதையே செய்யுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஐந்தே நிமிடம் பாருங்கள்:

- எழுத்துகளைக் கலைத்துக் காட்டினால் ஒலியைச் சொல்கிறதா? வரிசையாக ஒப்பிப்பது கணக்கில் வராது.
- 'கேட்', 'பென்', 'சன்' போன்ற மூன்றெழுத்துச் சொற்களைக் கூட்டிப் படிக்கிறதா?
- 'ஓபன் தி டோர்', 'கிவ் மீ தி பென்சில்' என்றால் செய்கிறதா?
- தன்னைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்கிறதா?

விடைகளை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பெற்றோர் 'என்ன முன்னேற்றம்?' என்று கேட்கும்போது இந்தப் பக்கம்தான் உங்களுக்காகப் பேசும்.

எழுத்துக்கு முன்னால் ஒலி

ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒலிகள் சுமார் 44. ஏ, பி, சி, டி என்று எழுத்தின் பெயரை மட்டும் கற்றுக்கொண்ட பிள்ளையால் 'பேட்' என்பதைக் கூட்டிப் படிக்க முடியாது. பிரிட்டனில் உருவான 'ஜாலி ஃபோனிக்ஸ்' முறை எழுத்துகளை அகர வரிசையில் தருவதில்லை. 'சன்' என்பதன் முதல் ஒலி, 'ஆப்பிள்' என்பதன் முதல் ஒலி, 'டேப்', 'இங்க்', 'பின்', 'நெஸ்ட்' என்று ஆறு ஒலிகளை முதலில் தருகிறது. இந்த ஆறு தெரிந்தாலே 'பின்', 'டின்', 'சிட்', 'பேன்', 'நேப்' என்று பிள்ளை சொந்தமாகப் படிக்கத் தொடங்கிவிடும். சம்பளம் கொடுத்து வாங்க முடியாத தன்னம்பிக்கை அது.

தமிழ்ப் பிள்ளைக்கென்று தனியாகச் சில சிக்கல்கள் உண்டு. நமக்கு ஒரே 'ப'; ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு எழுத்து. அதனால் டிக்டேஷனில் இரண்டும் இடம் மாறும். மெல்லிய தாளொன்றை வாய்க்கு முன்னால் பிடித்து, பேனாவின் 'பென்' சொல்லச் சொல்லுங்கள். காற்று பட்டுத் தாள் ஆட வேண்டும். பந்தின் 'பால்' சொல்லும்போது ஆடக் கூடாது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பத்து முறை செய்வார்கள். 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொல்கிற பிள்ளையை முதலில் பாம்பு மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டச் சொல்லி, பிறகு 'கூல்' சேர்க்கச் சொல்லுங்கள்.

எந்தச் சொற்கள், எப்படி?

'பழங்களின் பெயர் இருபது, பறவைகளின் பெயர் இருபது' என்று சார்ட் வாங்கி மாட்டுவது எளிது. வாக்கியத்தைக் கட்டுவதோ 'இஸ்', 'ஹேவ்', 'வித்', 'தே', 'வேர்' போன்ற பொடிச் சொற்கள்தான். அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் டால்ச் 1936-இல் இப்படிப்பட்ட 220 சொற்களைத் தொகுத்தார். அதில் பெயர்ச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. 95 பெயர்ச்சொற்களைத் தனிப் பட்டியலாக வைத்தார். பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்குள் இந்த 220-ஐயும் பார்த்தவுடன் படிக்க வைத்துவிட்டால் பாடப்புத்தகத்தில் பாதி பாரம் குறையும்.

ஒரு நாளைக்கு நாலு புதிய சொல் போதும். மூன்று பெயர்ச்சொல்லும் ஒரு பொடிச் சொல்லுமாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று திரும்பத் திரும்ப எடுத்துக் கேளுங்கள். 'கேட் என்றால் பூனை' என்று பத்து முறை எழுதவைத்தால் கை வலிக்கும், சொல் நிற்காது.

வினைச்சொல்லை உட்கார்ந்தபடி கற்பிக்காதீர்கள். அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் ஆஷர் வகுத்த 'டோட்டல் பிசிகல் ரெஸ்பான்ஸ்' முறை இதற்காகவே இருக்கிறது. ஆசிரியர் கட்டளை சொல்வார். பிள்ளை உடம்பால் பதில் சொல்லும். 'ஸ்டாண்ட் அப்', 'ஜம்ப்', 'டச் தி வால்', 'டச் யுவர் நோஸ் அண்ட் சிட் டவுன்'. பேசக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது வரப்பிரசாதம். வாய் திறக்காமலே தனக்குப் புரிந்ததைக் காட்டிவிடும்.

தமிழ்ப் பிள்ளை இடறும் இடங்கள்

அனுபவமுள்ள ஆசிரியரை அடையாளம் காட்டுவது இந்தப் பகுதிதான். பிள்ளை செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை கவனக்குறைவால் வருவதில்லை. வீட்டில் பேசுகிற தமிழின் அமைப்பு அப்படியே வந்து உட்கார்ந்துவிடுகிறது. எங்கே இடறும் என்று தெரிந்தால் முன்கூட்டியே அந்த வாக்கியத்தைப் பழக்கிவிடலாம்.

'இஸ்' காணாமல் போவது. 'இவன் என் தம்பி' என்பதில் வினைச்சொல்லே இல்லை. அதனால் 'ஹி மை பிரதர்' என்று வரும். குடும்பப் படம் வரையச் சொல்லி, ஒவ்வொருவரையும் சுட்டி 'திஸ் இஸ் மை...' என்று சொல்ல வையுங்கள். ஒரு வாரம் இந்த ஒரே வாக்கியம்.

பன்மை. கடையில் 'ரெண்டு மாம்பழம்' என்றுதான் கேட்கிறோம். 'மாம்பழங்கள்' என்று கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். அதனால் 'டூ பென்சில்' வருவது இயல்பு. ஒரு பென்சிலைத் தூக்கிக் காட்டி 'ஒன் பென்சில்', இரண்டைக் காட்டி 'டூ பென்சில்ஸ்' என்று கடைசி 'ஸ்' ஒலியை அழுத்திச் சொல்லுங்கள். பிறகு கடை விளையாட்டு. 'ஸ்' சொன்னால்தான் சாமான் கிடைக்கும்.

'ஹேவ்'. 'எனக்கு ஒரு அக்கா' என்பது 'ஃபார் மீ ஒன் சிஸ்டர்' ஆகும். 'ஐ ஹேவ்' என்று தொடங்கும் வாக்கியத்தை வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொன்றாகச் சொல்லட்டும். அது ஓடத் தொடங்கியதும், பக்கத்துப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வைத்து 'ஷி ஹேஸ்' என்று மாற்றுங்கள்.

கேள்வி. தமிழில் கடைசியில் 'ஆ' போட்டால் கேள்வி. 'யூ லைக் தோசை?' என்று குரலை உயர்த்திப் பிள்ளை கேட்பது அதனால்தான். 'டூ யூ லைக்...?' என்பதை ஒரே சொல்லாக, மெட்டுப் போட்டுப் பழக்குங்கள். 'டூ' எதற்கு வருகிறது என்ற விளக்கம் ஆறாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

'இன்', 'ஆன்', 'அண்டர்'. 'பெட்டியில்', 'மேசையில்' என்று நாம் ஒரே உருபில் முடித்துவிடுவோம். ஆங்கிலம் பெட்டிக்கு ஒன்று, மேசைக்கு ஒன்று கேட்கும். இதற்கு டிபன் பாக்ஸும் ஒரு ரப்பரும் போதும். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ள, ரப்பரை ஒளித்துவையுங்கள்.

"வேர் இஸ் தி எரேசர்?"

"பாக்ஸ், மிஸ்!"

"இன் தி பாக்ஸ்? ஆன் தி பாக்ஸ்?"

"இன் தி பாக்ஸ்!"

திறந்து காட்டுங்கள். உள்ளே இல்லை, அடியில் இருக்கிறது. "அண்டர் தி பாக்ஸ்!" என்று மொத்தக் கூட்டமும் கத்தும். அடுத்த முறை ஒளித்துவைக்கும் வேலையும் கேள்வி கேட்கும் வேலையும் ஒரு பிள்ளைக்குப் போகட்டும். பத்து நிமிடத்தில் ஆளுக்கு ஏழெட்டு முறை வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள். பயிற்சிப் புத்தகத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புவது அதற்குப் பிறகு வரட்டும்.

நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு கணக்கு

பள்ளி விட்டு வந்த பிள்ளைக்குப் பசியும் களைப்பும் இருக்கும். ஒரே வேலையைப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

- முதல் 5 நிமிடம்: எழுந்து நின்று கட்டளை விளையாட்டு
- 8 நிமிடம்: ஒலியும் கூட்டிப் படித்தலும்
- 7 நிமிடம்: நாலு புதுச் சொல், டப்பாவிலிருந்து பழைய சொல்
- 12 நிமிடம்: அன்றைய வாக்கியம், விளையாட்டாக
- 8 நிமிடம்: அதே வாக்கியத்தை நோட்டில் மூன்று முறை, மூன்று வேறு சொல் போட்டு
- கடைசி 5 நிமிடம்: நீங்கள் ஒரு கதை வாசித்துக் காட்டுவது

கதைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் படநூல்கள் வாசிப்பு நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுக்கலாம். முதலில் தமிழில் சொல்லிவிட்டால், ஆங்கிலத்தில் வாசிக்கும்போது பிள்ளை கதையைத் தேடாமல் சொல்லைக் கவனிக்கும்.

பள்ளி ஹோம்வொர்க்குக்குத் தனியாகப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டையும் கலந்தால் ஹோம்வொர்க்தான் ஜெயிக்கும்.

தவறு வந்தால்

'ஹி கோ ஸ்கூல்' என்று பிள்ளை சொன்னால் 'தப்பு' என்று நிறுத்தாதீர்கள். 'யெஸ், ஹி கோஸ் டு ஸ்கூல். அண்ட் யூ?' என்று சரியான வடிவத்தைப் பதிலுக்குள் வைத்துத் திருப்பிக் கொடுங்கள். நோட்டில் அன்றைய வாக்கியத்தில் வந்த தவறை மட்டும் திருத்துங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை பார்த்த பிள்ளை அடுத்த நாள் குறைவாக எழுதும். தவறு குறையாது, எழுத்துதான் குறையும்.

தமிழில் விளக்கம் சொல்வது குற்றமில்லை. விளையாட்டின் விதியைத் தமிழில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, விளையாட்டை ஆங்கிலத்தில் நடத்துங்கள்.

அடிப்பதும் மட்டம் தட்டுவதும் அறவே கூடாது. உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளிகளில் தடை செய்திருக்கிறது. ட்யூஷன் வீட்டுக்கும் அதையே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்துவைத்து, வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து நடத்துங்கள்.

பெற்றோரிடம்

'நோட்டு ஏன் காலியா இருக்கு?' என்பதுதான் முதல் மாதக் கேள்வி. சேரும்போதே சொல்லிவிடுங்கள்: முதல் மூன்று மாதம் பேச்சும் ஒலியும் அதிகம், எழுத்து குறைவு. மாதக் கடைசியில் பிள்ளையை அம்மா முன்னால் நிறுத்தி, அந்த மாத வாக்கியங்களில் ஐந்தைப் பேச வையுங்கள். நோட்டைவிட அது பெரிய சான்று.

கட்டணத் தேதி, விடுமுறை நாள், ஒரு குழுவுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். அதற்கு மேல் போனால் ஆளுக்குப் பேச நேரம் கிடைக்காது.

அடுத்த படி

இதையே நிரந்தர வேலையாக்க நினைத்தால் தகுதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தொடக்கநிலை ஆசிரியர் பணிக்கு, பிளஸ் டூவுக்குப் பின் இரண்டாண்டு டி.எல்.எட். படிப்பும் ஆசிரியர் தகுதித் தேர்வான 'டெட்'டின் முதல் தாள் தேர்ச்சியும் வேண்டும். அந்தத் தாளின் 150 கேள்விகளில் 30 ஆங்கிலம். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் இன்னொரு 30. தினமும் பிள்ளைகளோடு உட்காருபவருக்கு இந்த இரண்டு பகுதியும் வெறும் மனப்பாடமாக இருக்காது. பி.எட். முடித்தவர்கள் கவனிக்க: பி.எட். தொடக்கநிலைப் பணிக்குத் தகுதி ஆகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பள்ளி ஆசிரியராகச் சேர்ந்த பிறகு தனி ட்யூஷன் எடுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. அப்போது மாலைக் குழுவை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டியதுதான்.

தனியார் பள்ளி நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் டெமோ கிளாஸ் கேட்பார்கள். கரும்பலகையில் 'பிரிபொசிஷன்' என்று தலைப்பு எழுதி வரையறை சொல்லாதீர்கள். பையிலிருந்து ஒரு டப்பாவையும் ரப்பரையும் எடுத்து, ஒரே வாக்கியத்தைப் பத்து நிமிடம் நடத்துங்கள். வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு முறையாவது பேசவைத்துவிட்டால், உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.