மேசைக்குக் காசில்லையா? ஹாலோ பிளாக் இருக்கிறது!

கம்ப்யூட்டர் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டீர்கள். அதை எதன்மேல் வைக்கப் போகிறீர்கள்? பலரும் இந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வாடகைக்கு லைன் வீடு. மகளின் படிப்புக்காகச் சேர்த்த பணம் கம்ப்யூட்டருக்கே சரியாகிவிட்டது. பழைய செக்கிங் டேபிள் ஒன்று கிடைக்க, அதன்மேல் வைத்தோம். அது நின்றுகொண்டு துணி பார்ப்பதற்கான மேசை. உட்கார்ந்து டைப் செய்தால் தோள் தூக்கிக்கொண்டே இருக்கும். மூன்றாவது வாரம் மகள், "தோளெல்லாம் வலிக்குதுங்கப்பா" என்றாள். அன்றுதான் டேப்பைக் கையில் எடுத்தேன்.

மேசையை நாமே செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமேசானின் ஆரம்ப நாட்களில், 1995-ல், ஜெப் பெசோஸ் கதவுப் பலகைக்குக் கால் பொருத்தித்தான் மேசை செய்துகொண்டார். நமக்குக் கால்களாக ஹாலோ பிளாக் போதும். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். சுவரில் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம்.

முதலில் அளவு

நாற்காலியில் பாதம் தரையில் படியும்படி உட்காருங்கள். தோளைத் தளர்த்தி முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்தால் வருவதுதான் உங்கள் மேசையின் உயரம். என் மகளுக்கு 27 அங்குலம் வந்தது.

தேவையானவை

* 16 x 8 x 8 அங்குல ஹாலோ பிளாக் - 6
* 8 x 4 அங்குலம், 60 மி.மீ. தடிமன் உள்ள பேவர் கல் - 8
* 4 x 2 அடி, 19 மி.மீ. பிளைவுட் - 1
* ரீப்பர் கட்டை - 2, ஸ்க்ரூ, பனியன் வேஸ்ட் துணி

ஒரு பக்கத்துக்கு 3 பிளாக் அடுக்கினால் 24 அங்குலம். பேவர் 2¼ அங்குலத்துக்குச் சற்று அதிகம். பலகை முக்கால் அங்குலம். மொத்தம் 27. சில பிளாக்குகள் அரை அங்குலம் குறைவாக வரும். மூன்று அடுக்கில் ஒன்றரை அங்குலம் போய்விடும் என்பதால் கடையிலேயே அளந்து வாங்குங்கள்.

பிளைவுட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். நான் முதலில் 12 மி.மீ. போட்டேன், நடுவில் தொய்ந்துவிட்டது. 19 மி.மீ. பலகை அதைவிட ஏறக்குறைய 4 மடங்கு விறைப்பானது.

செய்முறை

1. கற்களைக் கழுவி நன்கு காயவைத்து, பெயின்ட் அடியுங்கள். இல்லாவிட்டால் சிமென்ட் தூசி கீபோர்டுக்குள் போகும்.

2. சுவரோரமாக, இரு பக்கமும் நான்கு நான்கு பேவரைத் தரையில் பரப்புங்கள். நான் முதலில் பேவரை மேலே வைத்திருந்தேன். ஒயர் எடுக்கப் பலகையை இழுத்தபோது ஒரு கல் என் கால் விரலுக்கு அருகில் விழுந்தது. சிறிய கல் எப்போதும் அடியில்தான் இருக்க வேண்டும்.

3. பேவர்மேல் பிளாக்குகளை அடுக்குங்கள். நீளப் பக்கம் சுவரை நோக்கிப் போகட்டும். துளை மேலும் கீழுமாக இருக்க வேண்டும். துளையைப் பக்கவாட்டில் திருப்பினால் அலமாரிபோல அழகாக இருக்கும். ஆனால் பலம் குறையும். ஒவ்வொரு பிளாக்கும் 15 கிலோவுக்கு மேல் இருக்கும். இருவராகத் தூக்குங்கள்.

4. பனியன் வேஸ்ட்டை நான்காக மடித்துப் பிளாக்மேல் விரித்துப் பலகையை வையுங்கள். முன்னும் பின்னும் 4 அங்குலம் சமமாக நீட்டிக்கொண்டிருக்கட்டும். முன்பக்கம் அதிகம் நீட்டினால், ஊன்றும்போது பலகை தூக்கிக்கொள்ளும்.

5. பலகையின் அடியில், இரு பிளாக் தூண்களின் உட்புறத்தை ஒட்டி ரீப்பரை ஸ்க்ரூ செய்யுங்கள். பலகை பக்கவாட்டில் நகராது.

மானிட்டரின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் அடியில் மரக்கட்டை வையுங்கள்.

நம் ஊருக்கு ஒரு எச்சரிக்கை

திருப்பூர் வீடுகளில் பஞ்சுத் தூசிக்குக் குறைவில்லை. சிபியூவைத் தரையில் வைத்தால் அதன் ஃபேன் தூசியை உள்ளே இழுத்துக்கொள்ளும். காற்றுப் போகாமல் சூடேறும். அரை அடி உயரப் பலகைமேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு, பிரஷ்ஷால் துடையுங்கள்.

ஏறி விளையாடும் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், சிமென்ட் பூசாமல் அடுக்கிய இந்த மேசை வேண்டாம்.

மகள் இப்போது தோள் வலி என்று சொல்வதில்லை. செக்கிங் டேபிளில் என் மனைவி துணி மடிக்கிறாள். நீங்களும் இன்றே முழங்கை உயரத்தை அளந்து பாருங்கள். செலவில்லாத வேலை அது.